லீடரின் கேக்

எங்கள் வகுப்பு லீடருக்கு உலகத்தில் எல்லா வேலையும் தெரியும், சமையலைத் தவிர. தெரியாது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். அவள் அடுப்பைப் பற்றவைத்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆனால் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. கரும்பலகையில் பெயரை எழுதிவைத்து எங்களுக்கெல்லாம் அடி வாங்கிக் கொடுத்தவள் அவள். அவளிடம் யார் போய் கேக் சரியில்லை என்று சொல்வது?

வருடக் கடைசி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிச் சிநேகிதர்கள் நாங்கள் கூடுவோம். ஆளுக்கு ஒன்று சமைத்துக்கொண்டு வரவேண்டும். யார் எதைச் செய்வது என்பதை லீடர்தான் போனில் அறிவிப்பாள். "நீ சாதம், நீ கோழி, நீ காய். மறுபேச்சு கிடையாது." நாங்களும் பேசமாட்டோம். கடைசியில், நாங்கள் பயந்துகொண்டே காத்திருக்கும் அந்த வார்த்தை வரும். "கேக்கை நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஓரமெல்லாம் கல். நடுவில் ஈரம். சர்க்கரை ஒரு மூலையில் திரண்டு கிடக்கும், இன்னொரு மூலையில் உப்பு கரிக்கும். எந்தத் துண்டு யாருக்கு வாய்க்கும் என்பது அவரவர் தலையெழுத்து. எங்களில் ஒருவன் பல் டாக்டர். அவனைப் 'பல்லு' என்றுதான் கூப்பிடுவோம். லீடரின் கேக் இருக்கும்வரை தன் கிளினிக்குக்கு விளம்பரமே தேவையில்லை என்பான், அதையும் என் காதோடுதான் சொல்வான். தன் துண்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு, காலித் தட்டை லீடரிடம் காட்டிச் சப்புக்கொட்டுவான்.

இன்னொருத்தி 'வெடி'. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பிரேக்கை மிதிக்காத மாணவனை அவள் ஒரு அதட்டல் போட்டால் எதிரே வருகிற லாரியும் சேர்ந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவளும் கேக்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்குவாள். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். 'அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க' என்று நாளெல்லாம் ஊரை அதட்டிப் பிழைக்கிறேன். கேக் வெட்டும் நேரத்தில் மட்டும் நானே மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

லீடரின் புருஷனும் எங்கள் வகுப்புதான். அவனுக்குச் 'சாது' என்று பெயர், ஏனென்றால் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடரின் வேலை. ஒருநாள், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்த சாதுவின் பெயரை எழுதிவைத்தாள். டீச்சர் அவனை வெளியே நிற்க வைத்தார். அப்போதும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன்டி பொய்யா எழுதினே?" என்று கேட்டேன்.

"எதிர்த்துப் பேசறானான்னு பார்த்தேன்," என்றாள். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

சாது வளர்ந்து நில அளவைக்காரன் ஆனான். வெயிலில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஒரு விரற்கடை பிசகாமல் மனைக்குக் கோடு போடுகிறவன். வீட்டில் அந்த அளவெல்லாம் செல்லாது. அங்கே லீடர் கிழித்ததுதான் கோடு. அவனும் சந்தோஷமாக அதற்குள் இருந்தான்.

போன மழைக்காலத்தில் லீடர் செத்துப்போனாள். ஒரு காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் எனக்கு அவள்மேல் கோபம்தான் வருகிறது. யாரையும் கேட்காமல் எல்லா முடிவையும் எடுக்கிறவள், இதையும் அப்படியே எடுத்துவிட்டாள்.

விடுமுறை நெருங்கியபோது இந்த வருடம் கூடுவதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அவள் இல்லாமல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். அப்போதுதான் அவர்களுடைய மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள்.

"அத்தை, அப்பா வெளியிலயே போறதில்ல. லீவு மேல லீவு போடறாரு. யார் கதவைத் தட்டினாலும் திறக்கறதில்ல. நான் பேசினா 'சாப்பிட்டேன்மா'ன்னு ஒரே வார்த்தை, வச்சிடறாரு. சமையல் ரூம்ல மட்டும் எந்நேரமும் ஏதோ உருட்டற சத்தம் கேக்குதாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. நீங்க கூப்பிட்டா வருவாரு அத்தை. உங்ககிட்டயே வரலைன்னா அப்புறம் அவரை எப்படி வெளியில கொண்டு வர்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் குரல் கம்மியது. பெற்ற பெண்ணைப்போல நான் தூக்கி வளர்த்த குழந்தை. "நீ அழாதே. நான் இழுத்துக்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி இழுப்பது என்று எனக்கே தெரியவில்லை.

சாதுவைக் கூப்பிட்டேன். பலமுறை அடித்த பிறகுதான் எடுத்தான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம், என் வீட்ல. வழக்கம்போல," என்றேன்.

"வரேன்," என்றான். "ஆனா யாரும் துக்கம் விசாரிக்கக் கூடாது. எப்படி ஆச்சு, கடைசியா என்ன சொன்னா, தைரியமா இரு... இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. அங்கயும் ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன்."

"ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க. என் பொறுப்பு."

"நானும் ஒண்ணு செஞ்சு கொண்டு வரேன்."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். கையை வீசிக்கிட்டு வாடா, போதும்."

"கொண்டு வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாதுவே இவ்வளவு பேசிவிட்டான் என்றால் விஷயம் பெரியது. நான் உடனே களத்தில் இறங்கினேன். பல்லுவையும் வெடியையும் போனில் பிடித்து உத்தரவு போட்டேன். லீடர் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி, காய்ச்சல், மழை எதுவும் வாயில் வரக் கூடாது. கண் கலங்கக் கூடாது, மூக்கை உறிஞ்சக் கூடாது. சாது எதைக் கொண்டுவந்தாலும், அது எப்படி இருந்தாலும், வாய் நிறையப் பாராட்ட வேண்டும். முதல்முறையாகச் சமைக்கிறான், மனம் கோணக் கூடாது.

"நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமா?" என்றாள் வெடி. "நடக்கிற காரியமாடி?"

"ஒரு மத்தியானம்தானே? நீ ஏதாவது உளறி அவன் எழுந்து போனான்னா, உன்னை நான் சும்மா விடமாட்டேன்."

என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் நான் விடமாட்டேன். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "துக்கம் விசாரிக்காதீங்கன்னுதானே அவர் சொன்னாரு?" என்றார்.

"அதைத்தானே நானும் சொன்னேன்?"

"இல்லம்மா, ரெண்டும் வேற வேற இல்லையா..."

"நீங்க வெங்காயத்தை நறுக்குங்க," என்றேன். அவர் நறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தைப் பெருக்கும்போதுதான் படம் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் எடுத்த எங்கள் வகுப்புப் படம். நடுவில் லீடர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படம் எடுக்கிறவரையே விரட்டுகிற மாதிரி நிற்பாள். சட்டென்று கழற்றிப் படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். கழற்றிய இடத்தில் சுவர் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது. அங்கே காலண்டரை மாட்டினோம். சுற்றிலும் வெள்ளை தெரிந்தது. கடிகாரத்தை மாட்டினோம். அது நடுவில் பொட்டு வைத்த மாதிரி இன்னும் எடுப்பாக இருந்தது. "பேசாம விட்டுடலாமே," என்றார் வீட்டுக்காரர். கடிகாரத்தையும் கழற்றி, அப்படியே விட்டோம்.

பல்லு காய்கறிப் பாத்திரத்தோடு முதலில் வந்தான். அடுத்து வெடி, கோழி வறுவலோடு. என் பங்கு சாதமும் சூப்பும். மேஜையில் எல்லாம் பரப்பி வைத்துவிட்டு மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பரீட்சை முடிவுக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை.

சாது வந்தான். பாதியாக இளைத்திருந்தான். சட்டையில் ஒரே இடத்தில் இரண்டு மடிப்பு, தானே இஸ்திரி போட்டிருப்பான்போல. மார்போடு அணைத்தபடி துணியில் கட்டிய தகர டப்பா ஒன்று. "என்னடா அது?" என்றேன். "அப்புறம்," என்று சொல்லி அலமாரி மேல் வைத்தான். இப்படி இளைச்சுட்டியேடா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சட்டம் போட்டவளே மீறலாமா? "வா வா, உக்காரு, கை கழுவு," என்று எக்ஸ்ரே அறைக் குரலில் அதட்டினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சு ஆரம்பமாக வேண்டும். யாரும் ஆரம்பிக்கவில்லை.

"உங்க வீட்டுத் தண்ணி டேங்க் எத்தனை லிட்டர்?" என்று பல்லு என் வீட்டுக்காரரைக் கேட்டான்.

அவர் சொன்னார். அது சிமென்ட் டேங்கா பிளாஸ்டிக்கா என்று வெடி கேட்டாள். பிளாஸ்டிக் டேங்கில் பாசி பிடிக்குமா என்று நான், என் வீட்டு டேங்கைப் பற்றி, அவளைக் கேட்டேன். டேங்க் முடிந்ததும் குழாய். குழாய் முடிந்ததும் மறுபடி டேங்க். எத்தனை வருடச் சிநேகிதம், கடைசியில் பிளம்பர்கள் மாநாடு மாதிரி ஆகிவிட்டது.

வெடிக்குத் தாங்கவில்லை. "ஞாபகம் இருக்கா, டூர் போனப்ப பஸ்ல நம்ம லீ..." என்று ஆரம்பித்துவிட்டாள். மேஜைக்கு அடியில் ஒரு உதை விட்டேன். "...லீவு நாள்னாலே பஸ்ல கூட்டம்தான்," என்று முடித்தாள். பல்லு சூப்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பள்ளிக்கூட நாளைப் பற்றி எதைப் பேசப் போனாலும் நடுவில் அவள் நிற்கிறாள். டூர் என்றால் அவள்தான் தலை எண்ணுவாள். மணி அடித்தால் வரிசையை அவள்தான் நேராக்குவாள். என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக ஓடியாடியவளும் அவள்தான். அவளை எடுத்துவிட்டால் எங்களிடம் மிச்சம் இருப்பது தண்ணீர் டேங்க்தான்.

சாது தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறை நிமிர்ந்து சுவரிலிருந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தான். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் அவசரமாக அவன் தட்டில் கோழியை வைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அவன் எழுந்து டப்பாவை எடுத்துவந்தான். துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்தான். உள்ளே கேக்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. சாது கேக்கைத் தட்டில் கவிழ்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கத்தியால் வெட்டினான். ஓரத்தில் கத்தி கரகரவென்று சத்தம் போட்டது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. அளவைக்காரன் கை. எங்கள் நாலு பேருக்கும் வைத்துவிட்டு, தான் எடுக்காமல் நின்றான்.

"நீ?" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு சொல்லுங்க."

கையில் கத்தியோடு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடித்தேன். முதலில் கல். பிறகு ஈரம். பிறகு உப்பு, நாக்கின் ஓரத்தில் சுரீரென்று. என் நாக்குக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. உத்தரவு ஞாபகம் வந்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"பிரமாதம்டா," என்றேன்.

"பஞ்சு மாதிரி இருக்கு," என்றான் பல்லு. அவன் சொல்லும்போதே வாய்க்குள் ஏதோ 'கடக்' என்றது. "வாயில வச்சதும் கரையுது."

"நல்ல பக்குவம்," என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெடி ஒரு கன்னம் வீங்கியபடி, "ம்ம்ம்," என்றாள்.

"நிஜமாவா? நல்லா இருக்கா?" என்று சாது கேட்டான்.

"நல்லாவா? கடையிலகூட இப்படிக் கிடைக்காது! எங்கடா கத்துக்கிட்டே?" நான் அள்ளி விட்டேன். நான் புகழப் புகழ அவன் முகம் சுருங்கியது. பாராட்டினால் மலரும் முகத்தைப் பார்த்திருக்கிறேன், இப்படி வாடும் முகத்தைப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் போடவேண்டுமோ என்று நினைத்து, "பூ மாதிரி இருக்குடா," என்று சேர்த்தேன்.

அவன் கத்தியை மேஜையில் வைத்தான். மிச்சமிருந்த கேக்கைத் தூக்கி டப்பாவில் போட்டு மூடினான்.

"அப்ப இதுவும் இல்ல," என்றான். "நான் கிளம்பறேன்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் டப்பாவோடு வாசலுக்குப் போய், படியில் உட்கார்ந்து ஷூவை எடுத்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாரும் ஒண்ணும் கேக்கலையேடா!"

"ஆமா," என்றான், கயிற்றைக் கட்டிக்கொண்டே. "யாரும் ஒண்ணுமே கேக்கல."

அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் குரல் காதில் கேட்டது. இவன் இந்தப் படியை விட்டு இறங்கினால், இனி என் கதவும் அவனுக்கு மூடியதுதான். ஊரையே அதட்டுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

வெடிக்கு வந்தது.

"டேய் சாது! நில்லுடா அங்கேயே!" தெருவில் போன சைக்கிள்காரர் சட்டென்று பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். "கேவலமா இருக்குடா உன் கேக்கு! ஓரம் செங்கல்லு, நடுவுல சேறு, உப்பு வேற கரிக்குது. என் கடவாய்ப் பல்லு ஆடுது. இவதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. என்னால முடியாதுடி அம்மா! நீ போறதுன்னா போடா, ஆனா பொய்யைக் கேட்டுட்டுப் போகாதே!"

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

சாது ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து திரும்பினான். "எவ்வளவு கேவலம்?" என்றான்.

"என்னடா கேள்வி இது?"

"லீடர் செய்வாளே. அந்த அளவுக்கா?"

காலையிலிருந்து யாரும் சொல்லாத பெயரை அவனே சொல்லிவிட்டான். வெடியின் குரல் இறங்கியது. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அச்சு அசல் அவ செஞ்சதுடா," என்றாள்.

அவன் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக, டப்பாவோடு மேஜைக்கு வந்தான். "பல்லு, நீ சொல்லு. எனக்காகச் சொல்லாதே. நிஜத்தைச் சொல்லு."

பல்லு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பாக்கெட்டில் கையை விட்டு, கைக்குட்டை மூட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். "ஒரு கடிதான்டா கடிச்சேன். மிச்சம் இதோ இருக்கு," என்றான்.

சாது அந்த மூட்டையைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது.

"அவ போனதுக்கப்புறம், அந்தக் கேக்கை ஒரு தடவை சாப்பிடணும்னு இருந்துச்சு," என்றான். "வேற ஒண்ணும் இல்ல. மாவு, சர்க்கரை, எல்லாம் அளந்து போட்டேன். நல்லா வந்துடுச்சு. அவ இப்படிச் செய்ய மாட்டாளேன்னு மறுபடி செஞ்சேன். அதுவும் நல்லா வந்துடுச்சு. உப்பைக் கூட்டினேன், சூட்டைக் குறைச்சேன், முட்டையை மாத்தினேன். இத்தனை மாசமா அதான் என் வேலை. எத்தனை தடவை செஞ்சாலும் நல்லாவே வருதுடி. அவளை மாதிரி எனக்கு வரவே இல்ல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நேத்து செஞ்சது அவளோடது மாதிரி எனக்குத் தோணுச்சு. ஆனா என் நாக்கை நானே நம்ப முடியல. மதில் வழியா நீட்டி பக்கத்து வீட்ல யாரைக் கேட்டாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு என்னைப் பார்த்துப் பாவப்படறாங்க. அவ கேக்கைச் சாப்பிட்டவங்க நீங்கதான். உங்களுக்குத் தெரியும்னுதான் கொண்டு வந்தேன். நீங்களும் பஞ்சு, பூன்னு ஆரம்பிச்சுட்டீங்க."

"நீதானேடா ஒண்ணும் கேக்காதேன்னே?" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"அவ எப்படிச் செத்தான்னு கேக்காதேன்னேன். அவளைப் பத்திப் பேசாதேன்னு நான் எப்பச் சொன்னேன்? சுவத்துல இருந்தவளைக்கூட எடுத்துட்டீங்களே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய், கட்டிலுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்துவந்து, தூசியைத் தட்டி மாட்டினார். லீடர் இடுப்பில் கையோடு எங்களை முறைத்தாள்.

"நான் பாக்கெட்ல போட்டுக்கிட்டது அவளுக்குத் தெரியாதேடா?" என்று பல்லு மெதுவாகக் கேட்டான்.

"தெரியாதா? வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிப்பா. உன்னை மாதிரியே கைக்குட்டையைச் சுருட்டிக் காட்டுவா. அவளுக்குச் சமைக்க வராதுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? 'இந்த வருஷமும் ஒருத்தரும் வாயைத் திறக்கல பாரு'ம்பா. 'யாராவது ஒருத்தர் நல்லா இல்லன்னு சொல்லட்டும், அன்னைக்கே நிறுத்திடறேன்'னு சொல்லுவா."

"அடிப்பாவி!" என்று வெடி படத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்போமா?" கத்தியவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். "ஊர்ல எல்லாரையும் திட்டறேன். அவளை மட்டும் ஒரு நாள்கூட திட்டினதில்லடா."

"இப்ப திட்டு," என்றான் சாது.

அப்புறம் யார் வாயையும் மூட முடியவில்லை. லீடர்மேல் எங்களுக்கு இருந்த அத்தனை புகாரும் வெளியே வந்தது. டூரில் என் ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டது, பல்லுவின் கல்யாணத்தில் சமையல்காரரையே விரட்டி வேலை வாங்கியது, வெடிக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தது. என் வீட்டுக்காரரும் ஒரு குறை வைத்திருந்தார், அதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. எல்லோரையும்விட அதிகமாகப் பேசியது சாதுதான். வீட்டில் அவள் மாவைக் கையால் அள்ளிக் கொட்டுவதை, 'அளந்து போடேன்' என்று இவன் சொன்னால் கரண்டியைக் காட்டி மிரட்டுவதை, அவன் நடித்தே காட்டினான். இந்த வாயை எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் சிரிப்பில் போன் அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. பிறகு பார்த்தால் அவன் மகளிடமிருந்து வரிசையாக அழைப்பு. அவனே கூப்பிட்டு, "அப்பா இங்க பேசிக்கிட்டு இருக்கேன்மா, அப்புறம் பண்றேன்," என்று சொல்லி வைத்தான்.

"அது சரி," என்றேன். "எல்லாம் நல்லா நல்லா வந்துச்சே, இதை மட்டும் எப்படிடா கெடுத்தே?"

அவன் யோசித்தான். "தெரியல. நேத்து எனக்கு ரொம்பக் கோவம் வந்துடுச்சு. தராசை ஓரமா தள்ளிட்டு, கையில வந்ததை அள்ளிக் கொட்டினேன். என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. மறுபடி இப்படி வருமான்னும் தெரியல."

எல்லோரும் டப்பாவைப் பார்த்தோம். உள்ளே கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

வெடி தன் தட்டை நீட்டினாள். "இன்னொண்ணு வைடா," என்றாள். லீடரின் கேக்கை யாராவது இரண்டாம் தடவை கேட்டது அன்றுதான். அடுத்து பல்லு நீட்டினான், அடுத்து என் வீட்டுக்காரர். சாது மிச்சத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி எல்லோருக்கும் வைத்து, கடைசித் துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டான். வாய்க்குள் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் துண்டை வாயில் போட்டு அவசரப்படாமல் மென்றேன். கல்லாகத்தான் இருந்தது, உப்பு கரிக்கத்தான் செய்தது. தீர்ந்துவிடுமே என்று எனக்கு விழுங்க மனசு வரவில்லை.